எட்டால் இரண்டு தடவை பெருக்கியது

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முப்பத்துநாலு வருஷமாக இதை நான் புகாராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாட வீதியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனவர் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திரும்பி வருவார். கையில் கத்தரிக்காய் இருக்காது. கத்தரிக்காய்க்காரம்மாவின் மருமகளுக்கு எத்தனையாவது மாசம், எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். ராங் நம்பர் வந்தால் ஊரில் எல்லோரும் 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இவர் இருபது நிமிஷம் பேசுவார். அப்படிப் பேசிப் பழகிய ஒரு திருச்சிக்காரர் ஒரு தடவை நேரிலேயே வந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

நான் டெலிபோன் இலாகாவில் டிரான்ஸ்மிஷன் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற ஆயிரம் பேர் பேச்சை ஒன்றாகக் கட்டி அனுப்புகிற வேலை. அங்கே மனுஷக் குரலுக்கு ஒரே அளவுதான். வினாடிக்கு அறுபத்துநாலாயிரம் பிட். மந்திரி பேசினாலும் அதுதான், பால்காரர் பேசினாலும் அதுதான். முப்பது குரலை ஒன்றாகக் கட்டினால் அதற்கு இ-ஒன் என்று பெயர், இரண்டு மெகாபிட். நாலு இ-ஒன் சேர்ந்தால் எட்டு மெகாபிட். அதற்கு மேல் முப்பத்துநாலு, அதற்கும் மேல் நூற்றுநாற்பது என்று படிப்படியாக ஏறும்.

ரிட்டயர் ஆன பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. எதைப் பார்த்தாலும் எத்தனை இ-ஒன் என்று மனசு மாற்றிப் பார்க்கும். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு போட வந்தவர், "நூறு மெகாபிட் வரும்மா" என்றார். "அப்போ நாப்பத்தெட்டு இ-ஒன். ஆயிரத்து நானூறு பேருக்கு மேல ஒரே நேரத்துல பேசலாம்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க வேலையப் பாருங்கோ சார். அத்தனையையும் நான் ஒருத்தனே நெரப்பிடுவேன்" என்றார் இவர்.

அப்படிப்பட்ட மனுஷருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

முதல் ஒரு வாரம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொன்னேன். ஒரு மாசம் ஆயிற்று, இரண்டு மாசம் ஆயிற்று. குரல் தகர டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அடையாறில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு காகிதத்தில் தொண்டையைப் படம் போட்டு, குரல்வளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதை முழுசாக எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை.

"பேச்சு?" என்று கேட்டேன். அவருக்குப் பேச்சுத்தானே எல்லாம்?

டாக்டர் நல்ல மனுஷர். சுற்றி வளைக்காமல் சொன்னார். பழைய குரல் வராது.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, அந்த மணல் குரலில், "உனக்கு விடுதலைடி" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டோவில் மயிலாப்பூர் வந்து சேருகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். எதற்குத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் பாவம், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து மெதுவாக ஓட்டினார்.

ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒரு வழி சொன்னாள். தரமணிப் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்களாம். ஒருவரின் பழைய குரல் பதிவு பத்து மணி நேரத்துக்குக் கிடைத்தால், அதை வைத்துக் கம்ப்யூட்டரில் அந்தக் குரலைச் செய்துவிடுவார்கள். பிறகு போனில் எழுதினால் போதும், போன் அவர் குரலிலேயே பேசும். ஆனால் நல்ல நாளில் பேசிய குரலாக இருக்க வேண்டும். இப்போதிருக்கிற மணலை வைத்துச் செய்தால் மணல்தான் வரும்.

பத்து மணி நேரம் பேச்சு! எங்கள் வீட்டில் அது ஒரு நாள் சாப்பாடு. ஆனால் பதிவு எங்கே? கல்யாண வீடியோக்களில் இவர் வாய் அசைவது தெரியும், காதில் நாதஸ்வரம்தான் விழும். வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் இருந்திருக்கும். கடையில் நின்றபடி ஒரு செய்தி, பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒரு செய்தி, பக்கத்து அறையிலிருந்துகூட ஒன்று. போனில் இடம் இல்லை என்று வந்த ஒரு நாள், அத்தனையையும் உட்கார்ந்து அழித்தவள் நான்தான். அதை நினைத்து நினைத்து அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்தான் ஞாபகப்படுத்தினார். இருபது வருஷத்துக்கு முன்னால், கண் தெரியாத காலேஜ் மாணவர்களுக்காக இவர் பாடப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பொருளாதாரம், சரித்திரம், வருமான வரிச் சட்டம். சி.டி. போட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் பாஸ் பண்ணி எங்கெங்கோ போய்விட்டார்கள். ஆனால் மூலப் பதிவு எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் பரண் மேல் இருக்கிறது. அதற்கு மேல் கொலு பொம்மைப் பெட்டி இருக்கிறது. இவர் அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். நோட்டைப் பார்த்தேன். டிஸ்க்கில் மொத்தம் முப்பத்திரண்டு ஜிபி, அதில் நூற்றைம்பது மணி நேரம் குரல் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

கம்ப்யூட்டரை இறக்கி ஸ்விட்சைப் போட்டேன். உயிர் வரவில்லை. டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ராயப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார், பழுதான டிஸ்க்கிலிருந்து விஷயத்தை எடுப்பதில் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். கீழே அவருடைய அண்ணன் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறார். நாலு தையல் மெஷின் தடதடவென்று ஓடும். பக்கத்தில் குறுகலான மாடிப்படி ஏறினால் பாயின் அறை. ஐம்பது வயசிருக்கும், கண்ணாடியைத் தொப்பி மேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

டிஸ்க்கைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, காதில் வைத்து லேசாக ஆட்டினார். பிறகு கரண்ட் கொடுத்து மறுபடியும் காதை வைத்தார்.

"உசுரு கீது மேடம். ஆனா ரொம்ப நேரம் தாங்காது. ஒரு மணி, மிஞ்சிப்போனா ஒண்ணரை மணி. அதுக்கு மேல உள்ள ஹெட்டு, அதான் படிக்கிற முள்ளு, மாட்டிக்கும். ஒரு தபா மாட்டிக்கிச்சின்னா அவ்ளோதான், என்னால ஒண்ணியும் பண்ண முடியாது."

பழைய டிஸ்க் என்பதால் அதற்கு அகலமான தட்டை ஒயர், பார்க்க ரிப்பன் பக்கோடா மாதிரியே இருக்கும். டிஸ்க் முதுகில் 100 என்று போட்டிருந்தது. அதுதான் அந்த ஒயர் வழியாக வருகிற வேகம் என்றார் பாய்.

"நூறு எதுல பாய்?" என்றேன். அளவு சொல்லாமல் வெறும் நம்பர் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் போய் 'பருப்பு நூறு' என்று கேட்டால் என்ன அர்த்தம், கிராமா கிலோவா? ஆபீசில் இதற்காக நான் திட்டாத ஆளில்லை.

"மெகாபைட்டு மேடம். டிஸ்க்குல எல்லாமே பைட்டுதான."

"எங்களுக்குப் பிட்தான் கணக்கு. பைட்டுன்னு சொன்னா டிரான்ஸ்மிஷன்ல யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

"பிட்டுன்னா எங்க லைன்ல எவனும் சீந்த மாட்டான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வித்தியாசம் ஒன்றும் பெரிசில்லை. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். தி.நகர் நகைக்கடையில் எட்டு கிராம் ஒரு சவரன் என்கிற மாதிரி. நாங்கள் கிராமில் பேசுகிறவர்கள், அவர் சவரனில் பேசுகிறவர், அவ்வளவுதான். நூறை எட்டால் பெருக்கினேன். எண்ணூறு மெகாபிட், ஏறக்குறைய முந்நூற்றுத் தொண்ணூறு இ-ஒன். கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். இந்த ரிப்பன் பக்கோடாவிலா என்று வாயைப் பிளந்தேன்.

"அது பொண்ணு பாக்க வரச்சொல்லோ மாப்ள வூட்ல சொல்ற சம்பளம் மேடம். அத்த நம்பக்கூடாது. நெசமா எவ்ளோ வருதுன்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் பாய். பழைய மாடல் போர்டு ஒன்று தேட வேண்டும், நாளை மறுநாள் காலையில் வரச் சொன்னார். இறங்கும்போது, "முப்பது வருஷம் டெலிபோனா, பெரிய வேலைதான்" என்றார் மரியாதையாக. எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது.

சொன்ன நாள் காலையில் வீட்டுக்காரரும் கூடவே வந்தார். பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வந்தவர் மேலே வரவில்லை. கீழே பாயின் அண்ணனோடு உட்கார்ந்து சைகையிலேயே ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணனும் சைகையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தத் தடையும் இல்லை, அவர் பாட்டுக்கு வாயைத் திறந்து பேசியிருக்கலாம்.

மேலே பாய் டிஸ்க்கை இரண்டு தெர்மோகோல் கட்டைக்கு நடுவில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு குட்டி ஃபேனை வைத்திருந்தார். ஒரே ஒரு தொந்தரவு. கீழே தையல் மெஷின் ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் டிஸ்க்குக்கு ஆகாது. "எவ்ளோ நேரம்னு சொன்னீங்கன்னா மெஷின நிறுத்தச் சொல்லிடுவேன் மேடம். முகூர்த்த சீசன், பிளவுஸுக்கு ஆளுங்க குந்திக்கினு கீறாங்க."

பாய் கரண்ட் கொடுத்து, சின்னதாக ஒன்றை ஓட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஒரு வினாடி யோசித்தார். பிறகு சொன்னார்:

"எட்டு மேடம்."

எட்டு எதில் என்று நான் கேட்கவில்லை. ஊரெல்லாம் திட்டியவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அவர்தான் டிஸ்க்காரர் ஆயிற்றே, பைட்டில்தான் சொல்வார். எட்டு மெகாபைட். எட்டால் பெருக்கினால் அறுபத்துநாலு மெகாபிட், முப்பது இ-ஒன்னுக்கு மேல். நோட்டில் எழுதியிருந்தது முப்பத்திரண்டு ஜிபி. விரலை மடக்கினேன். நாலாயிரம் வினாடி. ஒரு மணி ஏழு நிமிஷம். பாய் கொடுத்த கெடுவுக்குள் அழகாக அடங்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"மொத்தமா வழிச்சிடலாமா, இல்ல வேணுங்கிறத மட்டும் பொறுக்கணுமா?" என்று கேட்டார் பாய். "பொறுக்கறதுன்னா உள்ள போயி தேடணும். தேடினா ஹெட்டு அங்கியும் இங்கியும் ஓடும். வரிசையா வழிச்சா அதுக்குக் கஷ்டமில்ல. ஆனா நேரம் பத்தணும்."

"மொத்தமா எடுத்துடுங்கோ பாய். ஒண்ணேகால் மணியில முடிஞ்சுடும்."

அவர் தலையாட்டினார். டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. சீக்காளியை எழுப்பி வயசு கேட்கக் கூடாது என்பது அவர் தொழிலில் ஒரு விதி. தேவையில்லாமல் ஒரு தடவைகூட டிஸ்க்கைத் தொட மாட்டார். நானும் நோட்டில் பார்த்த கணக்கை அவரிடம் சொல்லவில்லை. முப்பது வருஷ அனுபவம் சொல்கிறது, அதற்கு மேல் என்ன விளக்கம்?

மெஷின்கள் நின்றன. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு அமைதி இருந்திருக்காது. கீழே ஒரு பெண் "இன்னா அண்ணே, கரண்ட் இல்லியா?" என்று கேட்டது மேலே வரை கேட்டது. யாரோ ஒருவருடைய குரல் மேலே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அண்ணன் விளக்கம் சொன்னார். 

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். திரையில் ஃபைல் பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நேரம் போகப் போக எனக்குத் தைரியம் ஏறியது. வருமான வரிச் சட்டம் முழுக்க வந்துவிட்டால் இனிமேல் ஆயுசுக்கும் இவர் என்னிடம் உட்பிரிவு உட்பிரிவாகத்தான் பேசுவார் என்று பாயிடம் ஜோக்கடித்தேன்.

ஒரு மணி நேரம் தாண்டியது. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. பாய் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "நாலு ஜிபி வந்திருச்சி மேடம். நீங்க சொன்ன ஒண்ணேகால் மணி ஆவப்போவுது, இன்னும் ஓடிக்கினு கீது."

"நாலா? முப்பத்திரண்டு வரணும் பாய்."

"முப்பத்திரண்டா?"

"எட்டுன்னு சொன்னேளே. எட்டு மெகாபைட்ல முப்பத்திரண்டு ஜிபி ஒரு மணி நேரம்தானே?"

பாய் முகம் வெளிறிப்போயிற்று. "மேடம், திரையில ஒண்ணுன்னுதான் கீது. ஒரு மெகாபைட்டு. நீங்க டெலிபோன் ஆளாச்சே, பிட்டுலதான் பேசுவீங்கன்னு நானே எட்டால பெருக்கி எட்டுன்னு சொன்னேன்."

"நீங்க டிஸ்க்காரராச்சே, பைட்டுலதான் சொல்லியிருப்பேள்னு நானும் எட்டால பெருக்கினேன்."

 உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு நான், என் வீட்டுப் பழக்கத்துக்கு நீங்கள் என்று விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துக் காரியத்தைக் குட்டிச்சுவராக்கியிருந்தோம். அவர் சொன்ன எட்டு என்னுடைய தொழில் எட்டு. நாலு இ-ஒன். என் படிக்கட்டில் இரண்டாவது படி, முப்பது வருஷம் நான் ஏறி இறங்கிய படி. அது என் கண்ணில் படவில்லை. முழு டிஸ்க்குக்கும் ஒன்பது மணி நேரம் ஆகும். எட்டில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. ஒன்பது மணி நேரம் என்று முதலிலேயே தெரிந்திருந்தால், பாடம் படித்த ஃபோல்டரை மட்டும் முதலில் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

"இப்பப் பொறுக்கிடலாம் பாய். பாடம்னு இருக்கும், அத மட்டும்."

பாய் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உள்ளே தேடப் போனார். டிஸ்க் ஒரு தடவை டிக் என்றது. பிறகு டிக் டிக் என்றது. பிறகு நிற்காமல் டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. பாய் பட்டென்று கரண்டைப் பிடுங்கினார். கொஞ்சம் ஆறவைத்து மறுபடி கொடுத்தார். அதே சத்தம். மூன்றாவது தடவை கொடுத்தபோது சத்தமும் வரவில்லை.

 அங்கே இருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் இருந்ததையும் நான்தான் அழித்தேன், பரணில் இருந்ததையும் நான்தான் அழித்தேன். அந்த மனுஷர் குரலுக்கு நான்தான் எமன். இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "அப்டிலாம் சொல்லாதீங்கக்கா" என்றார் பாய். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரரும் பாயின் அண்ணனும் மேலே வந்தார்கள். மெஷினை ஓட்டலாமா என்று கேட்க வந்த அண்ணன், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே நின்றார். பாய்தான் நடந்ததைச் சொன்னார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் என் தலையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கையை விரித்து, 'போனாப் போறது' என்று சைகை செய்தார். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

"வந்த நாலு ஜிபியில இன்னாதான் கீது, பாப்போம்" என்றார் பாய்.

ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருந்தது. பெயரில் முன்னால் மூன்று சைபர், பிறகு 'வேண்டாதவை' என்று ஆங்கில எழுத்தில். பெயர் வரிசையில் எடுத்ததால் அதுதான் முதலில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். படிக்கும்போது நடுவில் தப்பு வந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பாராம். ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாக அழிக்க வேண்டும், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் சைபர் போட்டு மேலே வைத்தாராம். அழிக்கத்தான் இல்லை. இந்த மனுஷர் எதையும் தூக்கிப் போட மாட்டார், கிழிந்த குடையைக்கூட.

பாய் ஒன்றைத் தட்டினார்.

அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. மணல் இல்லாத குரல். "ஒரு நபரின் முந்தைய ஆண்டு வருமானம் என்பது" என்று கம்பீரமாக ஆரம்பித்தது. பின்னால் குக்கர் விசில். குரல் நின்றது. அப்புறம் அதே குரல், கம்பீரமெல்லாம் போய், சாதாரணமாக: "ஏண்டி, அது எத்தனாவது விசில்? அடுப்பை அணைக்கப்படாதா? நான் இங்க வருமான வரி படிச்சுண்டிருக்கேன்." தூரத்தில் என் குரல் ஏதோ கத்துகிறது. அதற்கு அவர் பதில். அதற்கு என் பதில். நாலு நிமிஷம் ஓடியது, வருமான வரி அப்படியே நின்றது.

இன்னொன்று. வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், இவர் மைக்கை அணைக்க மறந்து கால் மணி நேரம் பேசுகிறார். இன்னொன்றில் நான் காபி கொண்டுவந்து சரித்திரப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு தனிச் சண்டை. பாயின் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவும் நான் குறுக்கே போய்க் கெடுத்த பதிவு. இருபத்தாறு மணி நேரம்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

அன்றைக்கே தரமணிக்கு அனுப்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பதிவு போதும், குரலைச் செய்யலாம் என்றாள். ஒரே ஒரு விஷயம் என்று இழுத்தாள். "சாரோட டோன் எல்லாத்துலயும் கொஞ்சம் கோவமா இருக்கு மேடம். யாரையோ திட்டற மாதிரியே இருக்கு. நாங்க எவ்வளவு சரி பண்ணாலும் அது கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருக்கும். பரவாயில்லையா?"

"அது யாருன்னு எனக்குத் தெரியும், பரவாயில்லை" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. கழுத்தில் ஒரு துவாரம், மூக்கில் ஒரு குழாய். வாயைத் திறப்பார், ஒன்றும் வராது. பழக்கத்தில் திறந்துவிடுவார், பிறகு ஞாபகம் வந்து மூடிக்கொள்வார். ஒரு ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். தண்ணீர், வலி, மணி என்ன. வாழ்நாள் முழுக்கப் பக்கம் பக்கமாகப் பேசியவர் ஒற்றை ஒற்றை வார்த்தையாக எழுதினார். 'ஏன்னா, ஏதாவது எழுதுங்கோளேன்' என்று நான் கெஞ்சினால் ஸ்லேட்டைத் திருப்பி வைத்துவிடுவார். நானும் அவரிடம் மெல்லிய குரலில், அன்பாக, ஆஸ்பத்திரிக்கு வந்த விருந்தாளி மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் தரமணியிலிருந்து குரல் வந்தது. அந்தப் பெண் சொன்னபடி போனில் ஏற்றி, அவர் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். பயப்படுகிறார் என்பது பிறகுதான் புரிந்தது. நானும்தான் பயந்தேன். ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார். போன் பேசியது.

"நீ சாப்ட்டியா இல்லியா?"

அதட்டலாக. அசல் அதே அதட்டல். பின்னால் குக்கர் மட்டும்தான் இல்லை.

 என் வாய் அதுபாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. "இல்ல. உங்களை இப்படிப் போட்டுட்டு எங்க போய்ச் சாப்பிடறதாம்?"

தட்டினார். நான் காத்திருந்தேன்.

"கீழ கேன்டீன் இருக்கு. போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாயேன்."

"அந்தக் கேன்டீன் இட்லிய மனுஷா திம்பாளா?"

"ஊர்ல இருக்கறவாள்லாம் திங்கறா. நீ என்ன பெரிய இவளா?"

"ஆமா, பெரிய இவதான். ஆறு நாளா நான் ஒண்டியா இங்க ஸ்டூல்ல உக்காந்துண்டு கிடக்கேன், அது தெரியறதா உங்களுக்கு?"

என் குரல் எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. அவர் விரல் முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்குக் குழாய் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேஷன்ட்டோடு இப்படியா சண்டை போடுவது, வராந்தா வரை கேட்கிறது என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

"சண்டை இல்லம்மா" என்றேன். "பேசிண்டிருக்கோம்."